ஈசலுக்கு அரைஞாண்

உலக்கைப்பட்டியில் மொத்தம் பத்தொன்பது வீடுகள். பதினெட்டு வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து இருந்தார்கள். பத்தொன்பதாவது வீட்டில் காத்தமுத்து மட்டும் இருந்தான்.

அவன் பெண்டாட்டி பொன்னுருவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போய் ஐந்து மாதமும் ஒன்பது நாளும் ஆகியிருந்தன. தப்பு யாருடையது என்று பார்த்தால் ஓர் எலியுடையதுதான். பழைய வீட்டுச் சுவரில் ஒரு கல்லுக்குப் பின்னால் அது குடியிருந்தது. "அதைப் பிடிக்காம சோறு கேட்டு வராதீங்க" என்று பொன்னுருவி சொல்லிவிட்டாள். காத்தமுத்து அந்தக் கல்லை உருவினான். எலி அடுத்த கல்லுக்குப் பின்னால் போயிற்று. அதையும் உருவினான். எடுத்த வேலையைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை அவன். இருநூற்றுப் பதினான்காவது கல்லை உருவியபோது எலி கையில் இருந்தது. வீடு இல்லை.

"தலைக்கு மேலே கூரைன்னு ஒண்ணு வந்தா நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பொன்னுருவி தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

அன்று முதல் காத்தமுத்து ஒழுங்காகத்தான் உழைத்தான். அதே இருநூற்றுப் பதினான்கு கற்களை வைத்துச் சுவர் எழுப்பினான். நடுவில் நிறுத்த ஒரு மாமரத் தண்டு கிடைத்தது. மூன்று மழைக்காலம் ஓடையில் ஊறிக் கிடந்த தண்டு. இத்தனை நாள் குளித்த மரம் சுத்தமாக இருக்கும் என்று அதையே தூணாக்கினான். கூரைக்குப் பனையோலை. முன்பக்கச் சரிவு பதினோரு அடி வந்தது. பின்பக்கம் ஏழு அடியில் ஓலை தீர்ந்துபோனது. தூணின் உச்சியில் விளக்கு மாட்ட ஓர் ஆணி, பொன்னுருவியின் கண்ணாடி மாட்ட ஓர் ஆணி. அடிக்கும்போது இரண்டும் முழங்கைபோல் வளைந்துவிட்டன. ஒன்று மட்டும் வளைந்திருந்தால் பிசகு என்று சொல்லலாம். இரண்டும் ஒரேமாதிரி வளைந்ததால் காத்தமுத்து அதை வேலைப்பாடு என்று எண்ணிக்கொண்டான்.

கூரை ஏறிவிட்டது என்று மாமனார் வீட்டுக்கு ஆள் அனுப்பினான். வெள்ளிக்கிழமை வருவதாகப் பதில் வந்தது.

செவ்வாய்க்கிழமை மழை பெய்தது.

மழை விட்ட சாயங்காலம், தூணின் அடியிலிருந்து இறக்கை முளைத்த பூச்சிகள் புறப்பட்டு வந்தன. அவை விளக்கைச் சுற்றின, சுவரில் ஏறின, காத்தமுத்துவின் காதுக்குள் போய் வழி கேட்டன. அவன் வாயைத் திறப்பதற்குள் வாசலில் பக்கத்து வீட்டுச் சடைச்சி அத்தை இருப்புச்சட்டியோடு நின்றாள்.

"ஈசல் வந்துருச்சா மருமவனே? அரிசியை வறுத்துட்டேன். ஈசல்தான் பாக்கி."

"ஈசலா, வேற ஏதாவதா அத்தை?"

"வறுத்தா தெரிஞ்சிரும்."

காத்தமுத்து அன்று வறுக்க விடவில்லை. புது வீட்டில் முதல் சமையல் பொன்னுருவிதான் செய்ய வேண்டும் என்று அவனுக்கு ஓர் ஆசை.

மறுநாள் காலையில், தச்சு வேலை செய்யும் நாகலிங்க ஆசாரி பக்கத்து ஊருக்குப் போகிற வழியில் தண்ணீர் குடிக்க நின்றார். அவர் உலக்கைப்பட்டிக்காரர் இல்லை. தூணையும், தரையில் கிடந்த பூச்சிகளையும் பார்த்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார்.

"தம்பி, இறக்கை முளைச்சதெல்லாம் ஈசல் இல்லை. மழை விட்டா எறும்புக்கும் இறக்கை முளைக்கும். எறும்புன்னா பயமில்லை. ஒண்ணும் பண்ணாம விட்டுடு, அதுபாட்டுக்குப் பறந்து போயிடும். ஆனா ஈசல்ங்கிறது இறக்கை முளைச்ச கறையான். அது வந்தா, தூணுக்குள்ளே கறையான் குடியிருக்குன்னு அர்த்தம். கூரையை இறக்கித் தூணை மாத்தணும்."

காத்தமுத்து கூரையை அண்ணாந்து பார்த்தான். வெள்ளிக்கிழமை வருகிறவள் கூரை இல்லாத வீட்டைப் பார்த்தால் பெட்டியைக் கீழே வைக்காமலே திரும்பிவிடுவாள்.

"எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது ஆசாரியாரே?"

"மூணு இடத்தைப் பாரு. எறும்புக்கு இடுப்பு நூல் மாதிரி சிறுத்திருக்கும். கறையானுக்கு இடுப்பே கிடையாது. எறும்புக்கு மீசை ரெண்டும் முழங்கை மாதிரி வளைஞ்சிருக்கும். கறையானுக்கு நேரா இருக்கும். எறும்புக்கு முன் இறக்கை நீளம், பின் இறக்கை குட்டை. கறையானுக்கு நாலும் ஒரே அளவு, தொட்டா உதிரும். தூணையும் ஒரு தடவை தட்டிப் பாரு. உள்ளே ஆள் இருந்தா தெரிஞ்சிடும். நான் வெள்ளிக்கிழமை இந்த வழியாத்தான் திரும்புவேன்."

காத்தமுத்து விரலை மடக்கினான். இடுப்பு ஒன்று, மீசை இரண்டு, இறக்கை நான்கு, தட்டுவது ஒன்று. ஆக எட்டு வேலை. இரண்டு நாளில் எட்டு வேலை தனியாளால் ஆகாது என்று ஊரைக் கூட்டினான்.

ஊரில் மூத்தவரான சோலையப்பன் தோளில் புதுத் துண்டோடு வந்தார். முடிவெட்டுகிற மருதை கத்தரிக்கோலும் சாமணமுமாக வந்தான். சடைச்சி அத்தை இருப்புச்சட்டியை இன்னும் கீழே வைத்திருக்கவில்லை.

"முதல்ல தட்டறதை முடிச்சிரலாம்" என்றார் சோலையப்பன். தூணுக்கு எதிரே நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, விரல் முட்டியால் மூன்று தட்டு தட்டினார். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். பதில் இல்லை.

"ஆள் இல்லை போல" என்றான் காத்தமுத்து. முகம் மலர்ந்துவிட்டது அவனுக்கு.

"அவசரப்படாதே" என்றார் சோலையப்பன். "ஆம்பளைங்க எல்லாம் வேலைக்குப் போயிருப்பாங்க. வீட்டுல பொம்பளைங்க மட்டும் இருந்தா, முன்பின் தெரியாத ஆம்பளை தட்டினா பதில் சொல்வாங்களா? சடைச்சி, நீ தட்டு."

சடைச்சி அத்தை சட்டியாலேயே தட்டினாள். தூணின் நடுவில் இருந்த ஒரு வெடிப்பிலிருந்து பொடிப்பொடியாக மண் கொட்டியது.

எல்லோரும் அந்த மண்ணைப் பார்த்தார்கள்.

"உள்ளே பெருக்குறாங்க" என்றான் மருதை. "விருந்தாளி வந்திருக்கோம்ல."

"பெருக்கி நம்ம பக்கம் தள்ளுறாங்களே, இது என்ன மரியாதை?" என்று சோலையப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. மரியாதை தெரியாத வீட்டில் இரண்டாம் முறை தட்டுவதில்லை என்று அந்த வேலையை அதோடு முடித்தார்கள்.

அடுத்து இடுப்பு, மீசை, இறக்கை. அன்று சாயங்காலம் மறுபடி புறப்பட்டு வந்த பூச்சிகளில் இருபத்து மூன்றைப் பிடித்து ஒரு பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்தான் காத்தமுத்து.

வியாழக்கிழமை காலையில் துணியை அவிழ்த்தால், பானைக்குள்ளே அடியில் இறக்கைகள் உதிர்ந்து கிடந்தன. காத்தமுத்து அவற்றை வாழையிலையில் பரப்பி, இரண்டு முறை எண்ணினான். நாற்பத்தாறு.

"பூச்சிக்கு நாலு இறக்கை. நாற்பத்தாறுன்னா பதினொண்ணரைப் பூச்சி ஆகுது" என்றான்.

"அரைப் பூச்சி எப்படி வந்துச்சு?" என்றார் சோலையப்பன்.

பானையில் பார்த்தார்கள். பதினொரு பூச்சிக்கு இறக்கை முழுசாக இருந்தது. பதினொன்றுக்கு இல்லவே இல்லை. ஒன்றுக்கு மட்டும் இரண்டு இருந்தன.

"ரெண்டு இறக்கைன்னா அது ஈ" என்றான் மருதை. "ஈ எப்படிப் பானைக்குள்ளே வந்துச்சுன்னுதான் தெரியலை."

சோலையப்பன் மெல்லத் திரும்பினார். "சடைச்சி, வறுக்கறதுக்கு முன்னாடி இறக்கையை உதிர்க்கறது உன் பழக்கம்தானே?"

"ஏண்ணே, நான் பானையில கை வெச்சிருந்தா இறக்கையை விட்டுட்டுப் பூச்சியை எடுத்திருப்பேன். பூச்சியை விட்டுட்டு இறக்கையை உதிர்க்க நான் என்ன பைத்தியமா?"

நியாயமான பேச்சு. திருடன் வேறு யாரோ என்று முடிவாயிற்று.

பிறகு முதல் பூச்சியை எடுத்து இலையில் வைத்தார்கள். நான்கு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள். மீசை நேராக இருந்தது. இறக்கை நான்கும் ஒரே அளவில் இருந்தன. இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் உடம்பு தலையிலிருந்து வால்வரை ஒரே தடிமனாகப் போயிற்று.

"அப்போ ஈசல்!" என்று சடைச்சி அத்தை சட்டியை நீட்டினாள்.

காத்தமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்பு போட்டாயிற்று, அம்மி வாங்கியாயிற்று, கண்ணாடிக்கு ஆணிகூட அடித்தாயிற்று. எல்லாவற்றையும் இந்த அரை விரற்கடைப் பூச்சி ஒரே நாளில் கெடுத்துவிடும்.

"பொறு" என்றார் சோலையப்பன். "இடுப்பு விஷயத்தைக் கண்ணால பார்த்து முடிவு பண்ணக் கூடாது. என் பேரன் பிறந்தப்போ பூசணிக்காய் மாதிரி இருந்தான். எங்கே தொடை முடிஞ்சு எங்கே வயிறு ஆரம்பிக்குதுன்னே தெரியலை. அரைஞாண் கட்டின அப்புறம்தான் இடுப்புன்னு ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சுது."

"அதுக்கும் கட்டிப் பார்ப்போமா பெரியப்பா?"

"கட்டிப் பார்க்காம எப்படிச் சொல்றது?"

அவரே தம் புதுத் துண்டின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொடுத்தார். மருதை சாமணத்தால் பூச்சியைப் பிடித்துக்கொண்டான். காத்தமுத்து மூச்சை அடக்கி, நூலை அதன் நடுவில் ஒரு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டு இழுத்தான். நூல் பதிந்தது. பூச்சி நடுவில் சிறுத்து, முன்னும் பின்னும் உப்பியது.

நான்கு தலைகளும் மறுபடி குனிந்தன.

"இடுப்பு" என்றான் காத்தமுத்து கடைசியில்.

"நூல் மாதிரி" என்றான் மருதை.

"நூல்தான்" என்றார் சோலையப்பன்.

காத்தமுத்து எழுந்து நின்றுவிட்டான். அவன் வாழ்நாளில் தோன்றிய முதல் பெரிய யோசனை அப்போதுதான் தோன்றியது. "பெரியப்பா! கட்டறதுக்கு முன்னாடி இது கறையான். கட்டின அப்புறம் எறும்பு. அப்போ வீட்டுல இருக்கற எல்லாத்துக்கும் கட்டிட்டா?"

"கறையானே இல்லை!" என்றார் சோலையப்பன். "தூணை எதுக்கு மாத்தணும்?"

"மீசை?" என்று மருதை இழுத்தான்.

"அண்ணே, ஊர்ல எத்தனை பேருக்கு மீசையை முறுக்கி விட்டிருக்கே? இதுக்கு ரெண்டை வளைச்சு விட மாட்டியா?" என்றான் காத்தமுத்து.

மருதைக்குத் தொழில் பெருமை பொங்கிவிட்டது. சாமணத்தால் வலது மீசையை ஒரு மடக்கு, இடதை ஒரு மடக்கு. பின் இறக்கை இரண்டையும் கத்தரிக்கோலால் பாதியாகக் குறைத்தான். பிறகு பூச்சியின் முன்னால் தன் கைக்கண்ணாடியைக் காட்டி, "போதுமா, இன்னும் குறைக்கவா?" என்று கேட்டான். பூச்சி ஒன்றும் சொல்லாததால் போதும் என்று விட்டான்.

மும்முரமாக வேலை நடந்தது. சோலையப்பன் நூல் உருவினார், காத்தமுத்து கட்டினான், மருதை மீசையும் இறக்கையும் பார்த்தான். ஒவ்வொன்று முடியும்போதும் காத்தமுத்து சுவரில் ஒரு கோடு இழுத்தான். ஒவ்வொரு கோட்டுக்கும் சடைச்சி அத்தை, "ஐயோ, இன்னொண்ணும் போச்சே!" என்று வயிற்றில் அடித்துக்கொண்டாள். இறக்கை இல்லாத பதினொன்றுக்கு இடுப்பும் மீசையும் மட்டும் செய்தார்கள். அந்த ஈயையும் விட்டுவைக்கவில்லை. ஒரு வீட்டில் எல்லோருக்கும் கட்டி ஒருத்தருக்கு மட்டும் கட்டாமல் விடுவது முறையில்லை அல்லவா?

மத்தியானத்துக்குள் இருபத்து மூன்றும் முடிந்திருக்க வேண்டும். ஆனால் சுவரில் முப்பத்தொரு கோடு இருந்தது.

காத்தமுத்து பூச்சிகளை எண்ணினான். இருபத்து மூன்று. கோடுகளை எண்ணினான். முப்பத்தொன்று. மெல்லத் தலையைத் திருப்பினால், முதுகுக்குப் பின்னால் சடைச்சி அத்தை குந்தியிருந்து, ஓர் ஊசியால் அரைஞாணை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை! எறும்பைக் கறையானாக்குறியா?"

"நீ கறையானை எறும்பாக்கலாம், நான் திருப்பி ஆக்கக் கூடாதா? எட்டை மீட்டுட்டேன். எட்டையும் நீங்க மறுபடி கெடுத்துட்டீங்க. வயிறு எரியுது மருமவனே!"

அவளைத் தூக்கி வாசலுக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்துவிட்டுத்தான் மிச்சத்தை முடிக்க முடிந்தது. கடைசி முடிச்சு விழுந்தபோது சோலையப்பனின் தோளில் துண்டு இல்லை. கையில் ஒரு கைக்குட்டை இருந்தது.

"வெளியே வந்ததுக்குக் கட்டியாச்சு. தூணுக்குள்ளே இருக்கறதுக்கு?" என்றான் மருதை.

இது பெரிய சிக்கல். தட்டியும் பதில் சொல்லாத ஜனம், அரைஞாண் கட்ட வா என்றால் வருமா? வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் சோலையப்பன் சொன்னார்: "ஒவ்வொண்ணா எதுக்கு? தூணுக்கே ஒண்ணு கட்டிட்டா, உள்ளே இருக்கற எல்லாத்துக்கும் சேர்த்துக் கட்டினதாச்சே."

கிணற்றுக் கயிறு வந்தது. தூணின் நடுவில், மண் கொட்டின இடத்திலேயே, மூன்று சுற்று சுற்றினார்கள். ஒரு முனையை மருதை பிடித்தான். மறுமுனையைச் சோலையப்பனின் காளை பிடித்தது. "இழு!" என்றான் காத்தமுத்து.

காளை இழுத்தது. தூண் 'நறநற'வென்று முனகியது. கயிறு வெண்ணெயில் இறங்குவதுபோல் உள்ளே இறங்கிற்று. ஒரு முறம் பொடி கொட்டியது. கயிற்றை அவிழ்த்துப் பார்த்தால், ஆளை மறைக்கிற தூண் நடுவில் ஒரு மணிக்கட்டு அளவுக்குச் சிறுத்திருந்தது.

காத்தமுத்து கடைசிக் கோட்டை இழுத்துவிட்டு, வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சோறு தின்றான்.

வெள்ளிக்கிழமை நாகலிங்க ஆசாரி சொன்னபடி வந்தார். வாசலில் கால் வைத்தவர், தூணைப் பார்த்ததும் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அடப் பாவிகளா! முழுக்கக் கறையான் தின்ன தூணை நடுவுல யாரு இறுக்கினது? எல்லாரும் வெளியே வாங்க! காத்து வர்ற மாதிரி இருக்கு. இப்பவே கூரையை இறக்கினா ஓலையாவது மிஞ்சும்!"

எல்லோரும் வெளியே வந்தார்கள். வெளியே வந்து திரும்பி, வீட்டை முழுசாக முதல் முறையாகப் பார்த்தார்கள். திறந்திருந்த கதவு வழியே தூண் தெரிந்தது.

"காத்தமுத்து" என்றார் சோலையப்பன் மெதுவாக. "தூணுக்கு இடுப்பு இருக்கு."

"ஆமா பெரியப்பா. சிறுத்திருக்கு."

"மேலே ஆணி ரெண்டும் முழங்கை மாதிரி வளைஞ்சிருக்கு" என்றான் மருதை. "நான் கை வைக்கலை. தானா வளைஞ்சது."

காத்தமுத்துவின் பார்வை கூரைக்குப் போனது. முன்னால் பதினோரு அடி. பின்னால் ஏழு அடி. அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"முன்னது நீளம்" என்றான். "பின்னது குட்டை. ஆசாரியாரே, இது எறும்பு!"

"எது எறும்பு?"

"வீடு!"

ஆசாரி தலையில் கை வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தார். "தம்பி, நான் சொல்றதைக் கேளு. கூரையை இறக்கு. ஒரு முட்டாவது கொடு."

"நீங்கதானே சொன்னீங்க? எறும்புன்னா பயமில்லை, ஒண்ணும் பண்ணாம விட்டுடு, அதுபாட்டுக்குப் பறந்து போயிடும்னு?"

அதைச் சொன்னது அவர்தான். பதிலுக்கு எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் காற்று வந்துவிட்டது.

முதலில் முன் இறக்கை அசைந்தது. பிறகு பின் இறக்கை. தூண் இடுப்பில் 'டப்' என்று முறிந்தது. கூரை எழும்பியது. மேல்பாதித் தூணும், வளைந்த ஆணி இரண்டும், ஆணியில் தொங்கிய கண்ணாடியும் அதோடு எழும்பின. சுவருக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, புளியமரத்தை ஒட்டி, ஓடைப் பக்கமாகப் பறந்து மறைந்தது.

"ஒரு ஓலைகூட உதிரலை" என்றான் காத்தமுத்து. ஐந்து மாதமாக அவன் மாரில் உட்கார்ந்திருந்த பாரமும் அதோடு பறந்துவிட்டது. "கறையானா இருந்தா இறக்கை உதிர்ந்திருக்கும். என் வீட்டுல கறையானே இல்லை."

ஆசாரி எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தம் ஊரைப் பார்த்து நடந்தார். உலக்கைப்பட்டியில் அவர் அதன் பிறகு தண்ணீர் குடித்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் பொன்னுருவி வந்தாள். தலையில் தகரப் பெட்டி, உடம்பெல்லாம் புழுதி. நான்கு சுவரையும் பார்த்தாள். அண்ணாந்து ஆகாயத்தைப் பார்த்தாள். பெட்டி இறங்கவில்லை.

"கூரை எங்கே?" என்றாள்.

"வெளியே போயிருக்கு. எறும்புதான் பொன்னு, கறையான் இல்லை. எல்லா இடமும் பார்த்தாச்சு. பொழுது சாயறதுக்குள்ளே புத்துக்குத் திரும்பிடும்."

"முன்னாடி நீளமா, பின்னாடி குட்டையா இருக்குமா?"

"ஆமா."

"உச்சியில ரெண்டு வளைஞ்சிருக்குமா? ஒண்ணுல ஒரு கண்ணாடி?"

"ஆமா, ஆமா! பார்த்தியா?"

"ஓடை மேட்டுல வர்றப்போ என் தலைக்கு மேலேயேதான் போச்சு." பொன்னுருவி பெட்டியை இறக்கித் தரையில் 'தொம்'மென்று வைத்தாள். "தலைக்கு மேலே கூரை வந்தா வர்றேன்னு சொன்னேன். வந்துருச்சு, நானும் வந்துட்டேன், அதுல குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அது நம்ம வீடுதான்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா? அங்கேயே கையைக் காட்டி நிறுத்தி ஏறியிருப்பேன்ல! பெட்டியைச் சுமந்துக்கிட்டு இம்புட்டு தூரம் நடக்க வெச்சுட்டீங்களே!"

தப்புதான் என்று காத்தமுத்து ஒத்துக்கொண்டான். அடுத்த தடவை முன்கூட்டியே சொல்லி அனுப்புவதாக வாக்குக் கொடுத்தான்.

பிறகு எல்லோருமாகச் சேர்ந்து, ஓடை மேட்டிலிருந்து வாசல்வரை, வீடு வழி தவறாமல் வந்து சேரச் சர்க்கரையைக் கோடாகப் போட்டார்கள். மொத்தம் நானூற்று ஆறு அடி. சடைச்சி அத்தை மட்டும் அந்த வேலையில் சேரவில்லை. தன் இருப்புச்சட்டியை ஒருமுறை பார்த்தாள், ஓடைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள், சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பெரிய சட்டி இரவல் கேட்கப் பக்கத்து ஊருக்குக் கிளம்பினாள்.